மாவுக்கட்டுக்குள் இருக்கும் கையின் வலியைத் தணிக்க
கட்டுப் போட்ட முதல் 2, 3 நாள்களில் வீக்கமே வலியைக் கூட்டுகிறது என்பதால், கையைத் தலையணைமேல் இதய மட்டத்துக்கு உயரே வைத்து, பாலித்தீன் உறையிலும் துண்டிலும் சுற்றிய பனிக்கட்டியைக் கட்டு நனையாமல் 15 முதல் 20 நிமிடம் அதன்மேல் வைத்து எடுக்கவும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டவும். பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில், வலி முற்றும் முன்பே நேரந்தவறாமல் விழுங்கவும். கடலூர்ப் புழுக்கத்தில் கட்டுக்குள் அரிக்கத்தான் செய்யும். அதற்காக ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்தால் தோல் கிழிந்து சீழ் வைக்கலாம். முள்ளோடு தின்னும் நெத்திலியும் கேழ்வரகுக் கூழும் சுண்ணாம்புச்சத்து தரும்; பீடி, சிகரெட்டோ எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறி, விரல்கள் நீலம் பாரித்தோ மரத்தோ போனால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து, கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ உடனே செல்ல வேண்டும். உள்ளே அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் தடைபட்டால், சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும்.