வீட்டு சிடி ரெக்கார்டரில் பாடல் தொகுப்பு: வட்டை வீணாக்கும் தவறுகள்

1990களின் பிற்பகுதியில் பிலிப்ஸ், பயனியர் போன்ற நிறுவனங்கள் வீட்டு ஹைஃபை அடுக்குக்கென்றே சிடி ரெக்கார்டர்களை விற்றன. இன்று அவை பெரும்பாலும் பழைய சாமான் சந்தையில்தான் கைமாறுகின்றன. எல்பி, கேசட், வானொலி என்று எதிலிருந்தும் பாட்டை நேராக எடுத்து, வேண்டிய வரிசையில் ஒரே வட்டில் சேர்த்துவிடலாம்; கணினியே தேவையில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து கேசட் பதிந்து வாங்கியவர்களுக்கு இதன் ருசி தெரியும். ஆனால் கேசட்டில் தப்பு நேர்ந்தால் பின்னால் சுற்றி மறுபடி பதியலாம். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிடி-ஆரில் லேசர் சாயப் பூச்சைச் சுட்டது சுட்டதுதான். அதனால் எந்தத் தொகுப்பையும் முதலில் அழித்தெழுதும் சிடி-ஆர்டபிள்யூவில் ஒத்திகை பார்த்துவிட்டு, பிறகு சிடி-ஆரில் பதிவதே நல்ல பழக்கம். கீழே வரும் தவறுகளில் பாதி அந்த ஒத்திகையிலேயே பிடிபட்டுவிடும்.

பிளக்கைச் செருகும் முன்

வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்றால் முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்கக் கருவியில் 120 வோல்ட் என்றும் ஜப்பான் கருவியில் 100 வோல்ட் என்றும் இருக்கும். நம் சுவரில் வருவது 230. கடையில் விற்கும் பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அப்படியே செருகினால் ஃபியூஸ் போகும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். இக்கருவிகள் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் வோல்டேஜைக் குறைத்துத் தரும் 100 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். ஜப்பான் கருவிக்கு 110 அல்ல, 100 வோல்ட் தருவதையே கேட்டு வாங்குங்கள்.

பழைய கருவி வாங்கும்போது சிடி பாடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருவது இன்னொரு தவறு. படிப்பதற்கு லேசருக்குக் கொஞ்சம் சக்தி போதும்; எழுதுவதற்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். வயதான லேசர் பாட்டை அருமையாகப் பாடும், பதிவுப் பொத்தானை அழுத்தினால் திணறும். ஒரு சிடி-ஆர்டபிள்யூவைக் கையோடு கொண்டுபோய், ஐந்து நிமிடம் பதிந்து, ஃபைனலைஸ் செய்து (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி வட்டை முடித்துவைப்பது), அதைத் திரும்பப் போட்டுக் கேட்டபின் பணத்தை எடுங்கள்.

எல்லா வெற்று வட்டும் ஏற்காது

கணினிக்கு விற்கும் சாதா சிடி-ஆரைப் போட்டால் வீட்டு ரெக்கார்டர் துப்பிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் மெக்கானிக்கைத் தேடுவது இங்கேதான். காரணம் சட்டம். அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டு ஆடியோ ஹோம் ரெக்கார்டிங் சட்டம், வீட்டு டிஜிட்டல் ரெக்கார்டரின் விலையில் 2 சதவீதமும் வெற்று வட்டின் விலையில் 3 சதவீதமும் இசைத்துறைக்குப் போகவேண்டும் என்றது. அந்தத் தொகை கட்டிய ஆடியோ வட்டுகளின் உள்வளையத்தில் ஒரு குறியீடு பதிந்திருக்கும். ரெக்கார்டர் முதலில் அதைத்தான் தேடும். உறையில் 'ஆடியோ' அல்லது 'ஃபார் மியூசிக்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிடி-ஆர்டபிள்யூவிலும் ஆடியோ வகை தனியாக உண்டு. டாஸ்காம் போன்ற ஸ்டூடியோ ரகக் கருவிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆடியோ வட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட ஊரில், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஸ்டூடியோ ரகம் வாங்குவதே மிச்சம்.

90, 99 நிமிடம் என்று விற்கும் வட்டுகளைத் தொடாதீர்கள். 74, 80 நிமிட வட்டுகள்தான் தரத்துக்குள் வருபவை. நிரம்பிய 90 நிமிட கேசட் ஒரே வட்டில் அடங்காது என்பதும் இதிலிருந்தே தெரியும். எந்த இரண்டு மூன்று பாட்டை விடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து ஒரு நிமிடமாவது மிச்சம் வையுங்கள். வட்டு தீர்ந்தால் பாட்டு பல்லவி நடுவிலும் நிற்கும்.

லெவல்

அதிகம் கெடுவது இங்கேதான். கேசட்டில் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டால் ஒலி கொஞ்சம் தடிக்கும், அதையும் காது பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் 0 டெசிபெல்தான் கூரை. அதற்கு மேலே போன அலையின் தலை வெட்டுப்படும். ஒவ்வொரு மிருதங்க அடியிலும் 'டிக்' என்று உடைந்த ஓசை கேட்கும். பதிந்தபின் இதற்கு மருந்தில்லை. தொகுப்பில் மிகச் சத்தமான பகுதியை முதலில் ஓடவிட்டு, அதன் உச்சம் மைனஸ் 4 டெசிபெல் அருகில் நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள். லெவல் குறைந்தால் தரம் போய்விடும் என்ற பயம் கேசட் காலத்து மிச்சம். 16 பிட் வட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. எந்த எல்பியும் அதன் பக்கத்தில் வராது. நாலு டெசிபெல் விட்டுக் கொடுப்பதில் ஒன்றும் குறையாது.

உச்சம் ஒன்றாக இருந்தால் எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. 2000க்குப் பிந்தைய சிடிக்கள் பலவற்றில் ஒலியை அமுக்கி, முழுப் பாட்டையும் கூரையோடு ஒட்டி வைத்திருப்பார்கள். 1970களின் எல்பியில் உச்சம் எப்போதோ ஒருமுறைதான் வரும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று கத்தும், மற்றது முணுமுணுக்கும். பழையதை ஏற்றப் பார்க்காதீர்கள், வெட்டுப்படும். புதியதை 4 முதல் 6 டெசிபெல் இறக்குங்கள். டிஜிட்டல் இணைப்பில் வரும் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் வசதி பல ரெக்கார்டர்களில் உண்டு. மீட்டரைப் பார்ப்பதை விட, பாட்டுக்குப் பாட்டு பாடகர் குரல் ஒரே தூரத்திலிருந்து வருகிறதா என்று காதால் பார்ப்பதே சரியான அளவுகோல்.

டர்ன்டேபிளை ரெக்கார்டரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகுவதும் சகஜம். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தருவது ஐந்து மில்லிவோல்ட் அளவு. லைன் உள்ளீடு எதிர்பார்ப்பது அதைப்போல நூறு மடங்குக்குப் பக்கம். மெலிந்து, பேஸ் இல்லாமல், தகரம் தட்டுவதுபோல் கேட்கும். நடுவில் அந்தச் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். எல்பி வெட்டும்போது குறைத்த பேஸைத் திருப்பித் தருவதும் அதுதான். அதன் எர்த் திருகில் டர்ன்டேபிளின் மெல்லிய கம்பியை மாட்டாவிட்டால் ஹம்மிங் வட்டிலும் பதிந்துவிடும். கேசட் என்றால், டால்பி என்னும் இரைச்சல் குறைப்பு வசதியில் பதிந்ததை டால்பி போட்டே ஓடவிடுங்கள். டிஜிட்டல் ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளின் முனையில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் 'சிக்னல் வரவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

டிராக் பிரிப்பதும் தொடங்குவதும்

தானியங்கி டிராக் பிரிப்பு ஓரிரு விநாடி மௌனத்தைத் தேடும். எல்பியில் ஊசியின் இரைச்சல் ஓயவே ஓயாததால் மௌனம் என்று ஒன்று வராது. ஒரு பக்கம் முழுக்க ஒரே டிராக்காகிவிடும். புல்லாங்குழல் ஆலாபனையில் வாசிப்பவர் மூச்சு வாங்கினால் அங்கே வெட்டி இரண்டாக்கும். கையால் பிரிப்பதுதான் நம்பகம்: ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் பொத்தானை அழுத்துங்கள். ஒரு டிராக் குறைந்தது 4 விநாடி இருக்கவேண்டும், ஒரு வட்டில் 99 வரை வைக்கலாம். சிடி-ஆரில் பின்னால் போய் குறி சேர்க்க முடியாது.

சத்தம் கேட்டதும் தானே பதிவைத் தொடங்கும் வசதி, மெல்ல எழும் முன்னிசையின் தலையைத் தின்றுவிடும். பதிவுப் பொத்தானை முதலில் அழுத்தி, கருவி லேசரை அளந்து தயாராகும்வரை சில விநாடி காத்திருந்து, பதிவைத் தொடங்கியபின் பாட்டை ஓடவிடுங்கள். அந்த அளவீட்டுக்கென வட்டின் உள்ளோரத்தில் இருப்பது 100 இடங்கள்தான். பாட்டுக்கு ஒருமுறை வட்டை வெளியே எடுத்துப் போடும் வழக்கம் அதை வீணாகத் தின்னும்.

ஒரு டிஜிட்டல் பிரதியிலிருந்து மறு டிஜிட்டல் பிரதி எடுக்க முயன்றால் கருவி மறுக்கும். எஸ்சிஎம்எஸ் என்னும் பூட்டு அது, கோளாறு அல்ல. அனலாக் கேபிளில் எடுத்தால் தடையில்லை.

ஃபைனலைஸ்

ஃபைனலைஸ் செய்யாத வட்டு சிடி ரெக்கார்டரில்தான் பாடும். காரில் போட்டால் வெறும் தட்டு. டிராக் பட்டியலை மற்ற பிளேயர்கள் தேடும் இடத்தில் எழுதுவதுதான் இந்த வேலை. இரண்டு முதல் நான்கு நிமிடம் ஆகும். பாட்டின் பெயரைத் திரையில் காட்டும் சிடி-டெக்ஸ்ட் வசதி இருந்தால் அதற்கு முன்பே தட்டச்சு செய்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் வட்டு பெரும்பாலும் குப்பைதான். மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் வழியாகவே இணைப்புக் கொடுங்கள். முடிந்தபின் சிடி-ஆரில் இன்னொரு பாட்டு சேர்க்க வழியில்லை. சிடி-ஆர்டபிள்யூவை மட்டும் பட்டியலை அழித்துத் திறக்கலாம். ஆனால் அதைக் காருக்கு நம்பாதீர்கள். அச்சடித்த சிடி திருப்பியனுப்பும் ஒளி 70 சதவீதத்துக்கு மேல், ஆர்டபிள்யூவில் 15 முதல் 25 சதவீதம். பழைய பிளேயருக்கு அது கண்ணிலேயே படாது.

வட்டின் அடிப்பக்கத்தை எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், மேல்பக்கம்தான் பலவீனமானது. அடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் காப்பு இருக்கிறது. எழுத்துப் பக்கத்தில் மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழேயே ஒளி திருப்பும் உலோகப் படலம். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அந்தப் படலம் கீறும். தண்ணீர் மையுள்ள சிடி மார்க்கரே போதும். வெயில் படும் கார் டாஷ்போர்டில் சாயம் வெளுத்துப்போகும். காகித லேபிள் ஒட்டினால் சுழலும்போது எடை ஒருபக்கம் சாயும், ஈரக்காற்றில் சுருளும். ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தால் உரிக்காதீர்கள், படலமும் சேர்ந்து வந்துவிடும். பாடுகிறபோதே வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.