எழுத்து கிடைக்காத ஹார்ட் டிஸ்க்

பல நாளைத் தின்ற சிக்கல் இது. புதிய வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் ஒலி வரும், விளக்கு எரியும், ஆனால் விண்டோஸின் ஃபைல் எக்ஸ்புளோரரில் எதுவும் தோன்றாது. அதே போர்ட்டில் பென் டிரைவ் போட்டால் உடனே வந்துவிடும்.

கேபிள் மாற்றினேன், டிவைஸ் மேனேஜரில் டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினேன். பயனில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் பார்த்தால் டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தது, 'சி', 'டி' போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லை. கையால் ஓர் எழுத்து கொடுத்ததும் திறந்தது. தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த புது டிஸ்க்குக்கும் அதே கதை.

துப்பு பென் டிரைவிலேயே இருந்தது. அது விண்டோஸுக்கு 'கழற்றக்கூடிய' சாதனம். வெளி ஹார்ட் டிஸ்க்கோ யூஎஸ்பியில் வந்தாலும் பெரும்பாலும் நிலையான டிஸ்க்காகவே கணக்கில் வரும். ஏற்கெனவே எழுத்து வாங்கிய டிஸ்க்குகளுக்கு அந்த எழுத்து விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) பதிந்திருப்பதால், பழையவை சிக்கலின்றி வந்தன. ஆக, புதிய நிலையான டிஸ்க்குகளுக்கு எழுத்து தரும் வேலை மட்டும் நின்றிருக்க வேண்டும்.

நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து டிஸ்க்குகளை நிர்வகிக்கும் 'டிஸ்க்பார்ட்' கருவிக்குள் போய் 'ஆட்டோமவுண்ட்' என்று மட்டும் அடித்தேன்; புது டிஸ்க்குகளுக்குத் தானாக எழுத்து தரும் அமைப்பின் நிலையை அது காட்டும். முடக்கப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது. டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருள் எதுவோ அணைத்திருக்கலாம். 'ஆட்டோமவுண்ட் எனேபிள்' கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்தேன். அப்பாடா, புது டிஸ்க் தானாகவே எழுத்தோடு வந்தது.

காப்புப்பிரதி டிஸ்க்குக்கு மட்டும் இப்போது 'டபிள்யூ' எழுத்தைக் கையால் கொடுத்து வைத்திருக்கிறேன். விண்டோஸ் 'சி'க்கு அடுத்துக் காலியாக உள்ள எழுத்திலிருந்து தருவதால், கடைசி எழுத்துகள் எளிதில் மோதுவதில்லை.