சாக்லேட் சிஸ்ட் திரும்ப வந்திருக்கா? ரெண்டாவது ஆபரேஷனுக்கு ஒத்துக்கறதுக்கு முன்னாடி

பாண்டிச்சேரில இருந்து கல்யாணமாகி பிரான்சோட ரியூனியன் தீவுக்கு வந்தவ நான், இடது ஓவரில இருந்த சாக்லேட் சிஸ்ட்ட (பழைய ரத்தம் தேங்கி நிக்கிற எண்டோமெட்ரியோசிஸ் கட்டி) லேப்ராஸ்கோப்பில, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு, எடுத்தாங்க, மூணு வருஷத்துல அதே இடத்துல திரும்ப வந்து நின்னுச்சு. முதல் ஆபரேஷனுக்கு முன்னாடி ஏஎம்எச்னு, ஓவரில முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்ட யாரும் எழுதிக் கொடுக்கல. அதனால எனக்கு முட்டை எவ்ளோ குறைஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அந்த வேதனைலதான் இத எழுதுறேன்.

முதல்ல பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க, இங்க அத கோன்த் ரான்துய்னு சொல்லுவாங்க. டியூப் திறந்திருந்துச்சா, குடல் ஒட்டியிருந்துச்சா எல்லாம் அதுலதான் இருக்கும், இஎஃப்ஐனு 0-ல இருந்து 10 வரைக்கும் ஒரு ஸ்கோர் போட்டு தானா கர்ப்பம் தரிக்க எவ்ளோ வாய்ப்புன்னு பாப்பாங்க, அதுக்கும் இது வேணும்.

அடுத்தது ஏஎம்எச், கூடவே ஸ்கேன்ல ஓவரிக்குள்ள தெரியுற சின்னச் சின்ன முட்டைப்பைகளோட எண்ணிக்கை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா சொல்லிடுங்க, ஏஎம்எச் குறைச்சு காட்டும். கம்மியா வந்தா உடனே அழாதீங்க தங்கச்சி, அது எண்ணிக்கைதான், தானா கர்ப்பம் நிக்காதுன்னு அர்த்தம் இல்ல.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, சிஸ்ட் தோல உரிக்கும்போது கூடவே நல்ல ஓவரி சதையும் கொஞ்சம் வந்துடும், ரத்தத்த நிறுத்த சூடு வைக்கிறதுலயும் முட்டை போகும், அதே ஓவரில ரெண்டாவது தடவ கைவச்சா இழப்பு இன்னும் அதிகம். அதனாலதான் ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) பண்ணப் போறவங்களுக்கு சிஸ்ட்ட வழக்கமா எடுக்க வேண்டாம்னு ஐரோப்பாவோட 2022 வழிகாட்டுதல் சொல்லுது. தாங்க முடியாத வலி, ஸ்கேன்ல கேன்சர் சந்தேகம், முட்டை எடுக்க ஊசி போக வழி இல்லன்னா அது வேற கதை, அப்போ ஆபரேஷன தள்ளிப் போடாதீங்க.

டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: "இந்த ஆபரேஷன் வலிக்கா, குழந்தைக்கா? முன்னாடியே முட்டை எடுத்து ஃப்ரீஸ் பண்ணலாமா?" நான் இத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி கார்த் வித்தால் (இங்க இருக்கிற மருத்துவ காப்பீட்டு அட்டை) கூட வச்சு எடுத்துட்டுப் போனேன், உள்ள போனா எல்லாம் மறந்துடும்.

ஆபரேஷன் முடிஞ்சு குழந்தை இப்ப வேண்டாம்னா ஹார்மோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயிலோ (coil) கொடுப்பாங்க, திரும்ப வராம தடுக்க. குழந்தை உடனே வேணும்னா அது வேண்டாம், மாசம்தான் வீணாகும். இங்க பிரான்ஸ் சட்டம்தான், 4 ஐவிஎஃப் வரைக்கும் செக்யூ (அரசு மருத்துவ காப்பீடு) பணம் கட்டும், ஆனா முட்டை எடுக்கறது உங்க 43-வது பிறந்தநாளுக்கு முன்னாடி நடக்கணும், அதுனால 35 தாண்டினவங்க அடுத்த ஸ்கேன் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே ரான்தேவு (டாக்டர் அப்பாயின்ட்மென்ட்) போடுங்க.