ஒரே பலகையில் ஒன்பது கல்லறைக் கற்கள்: ஹாலோவீன் வாசலுக்குச் செலவு குறைந்த அலங்காரம்

கடையில் விற்கும் ஹாலோவீன் (அக்டோபர் 31-இல் வரும் பேய் வேடக் கொண்டாட்டம்) கல்லறைக் கற்கள் பெரும்பாலும் ஒரு அங்குலக் கனம்கூட இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் அட்டை மாதிரி தெரியும், கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் சாய்ந்துவிடும். இரண்டு அங்குலக் கனத்தில் வீட்டிலேயே செய்தால் நிஜக் கல் போலவே இருக்கும், பல வருடம் வரும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் இதைச் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். சாதாரண லேடெக்ஸ் பெயிண்ட் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்ட்) பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாகக் காயாது. அக்டோபர் கடைசியில் டொராண்டோ பக்கம் கராஜுக்குள்கூட அந்தச் சூடு இருக்காது.

பலகை

வேண்டியது எக்ஸ்.பி.எஸ். எனப்படும் ஃபோம் இன்சுலேஷன் பலகை (வீட்டுக்குள் குளிர் புகாமல் தடுக்க வைப்பது). பிங்க் அல்லது நீல நிறத்தில், வீடு கட்டும் சாமான் கடைகளில் கிடைக்கும். தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்றும் இலங்கையில் ரெஜிபோம் என்றும் சொல்கிற வெள்ளைப் பலகை வேண்டவே வேண்டாம். கத்தி பட்டதும் மணி மணியாக உதிரும், அதில் எழுத்து நிற்காது.

4 அடிக்கு 8 அடி, 2 அங்குலக் கனம் உள்ள ஒரு பலகை போதும். ஒரு கல் 16 அங்குல அகலம், 32 அங்குல உயரம் என்று வைத்தால் அகலவாக்கில் மூன்று, நீளவாக்கில் மூன்று, மொத்தம் ஒன்பது. முழுப் பலகை காருக்குள் போகாது. கடைக்குப் போகும்போதே அளவு நாடாவும் கத்தியும் எடுத்துப் போங்கள். 32 அங்குலத்தில் ஒன்று, 64 அங்குலத்தில் ஒன்று என்று பாதி ஆழத்துக்குக் கீறி, கீறலுக்குப் பின்பக்கம் முழங்காலை வைத்து மடக்கினால் சுத்தமாக உடையும்.

கத்தி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள, முனையை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கத்திதான் இதற்குச் சரி. மழுங்கிய அலகு வெட்டாது, பிய்க்கும். இரண்டு கல்லுக்கு ஒரு முறை முனையை உடைத்துவிடுங்கள். மேல் வளைவை ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள்; கத்தியை நன்றாகச் சாய்த்துப் பிடித்து மூன்று நான்கு தடவையில் இறக்குங்கள்.

சில பலகைகளின் இரண்டு பக்கமும் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மூலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இருந்தால் முழுவதையும் உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். தாள் இல்லாவிட்டாலும் மேற்பரப்பு வழவழவென்றுதான் இருக்கும். 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

எழுத்தும் கல்லின் தோலும்

எழுத்துகளைக் கணினியில் பெரிதாக அச்சிட்டு, தாளைப் பலகையில் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் தடம் பலகையில் பதிந்துவிடும். அந்தத் தடத்தின் இரு பக்கமும் உள்நோக்கிச் சாய்வாகக் கீறி, கால் அங்குல ஆழத்துக்கு எடுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த உயரமுள்ள எழுத்து நடைபாதையிலிருந்து தெரியாது. தமிழில் எழுத ஆசை இருந்தால் ப, ட, ய போன்ற நேர்கோட்டு எழுத்துகள் அதிகமுள்ள சொல்லாகப் பாருங்கள். ண, ஞ, ஆ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு பிய்ந்து வந்துவிடும். அக்கம்பக்கத்தில் யாருக்காவது இருக்கக்கூடிய பெயரைத் தயவுசெய்து பொறிக்காதீர்கள்.

அடுத்து அலுமினியத் தாள். சமையலறையில் இருக்கும் அதே தாளைக் கசக்கி ஆரஞ்சுப் பழம் அளவு உருண்டையாக்கி, பலகை முழுக்க அழுத்தி உருட்டுங்கள். உருண்டையின் மடிப்பும் கூர்முனையும் பதிந்து, கருங்கல்லின் சொரசொரப்பு அப்படியே வந்துவிடும். ஒரே திசையில் உருட்டினால் சக்கரத் தடம் போலத் தெரியும். திருப்பித் திருப்பி உருட்டுங்கள். ஓரங்களை மறக்க வேண்டாம். ஓரம் வழவழப்பாக இருந்தால் மொத்த வேலையும் காட்டிக் கொடுத்துவிடும்.

பெயிண்ட்: பெரும்பாலானோர் கெடுத்துக்கொள்ளும் இடம்

ஸ்ப்ரே கேனை எடுக்காதீர்கள். இந்தப் பலகை பாலிஸ்டைரீன். ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கும் அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். அடித்த சில நொடிகளில் மேற்பரப்பு குழிந்து, செதுக்கிய எழுத்தின் விளிம்பு வழிந்து போகும். தண்ணீர் அடிப்படை என்று எழுதியிருக்கும் கேன்களையும் நம்ப முடியாது. பெயிண்டை வெளியே தள்ளும் வாயுவே சில கேன்களில் கரைப்பானாக வேலை செய்யும்.

ஆகவே முதல் பூச்சு தூரிகையால், தண்ணீரில் கலக்கும் லேடெக்ஸ் பெயிண்டில். கடைகளில் நிறம் தவறிக் கலந்துவிட்ட டின்களைக் குறைந்த விலைக்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று நிறத்தைக் கலந்து கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் அடர் சாம்பல் வந்துவிடும். பளபளப்பில்லாத வகையாக இருக்கட்டும். ஒன்பது கல்லுக்கும் முன், பின், ஓரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 75 சதுர அடி. ஒரு பூச்சுக்கு ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) டின் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். இரண்டு பூச்சு அவசியம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், அடித்தளச் சுவருக்குப் பூசும் ட்ரைலாக் போன்ற நீர்த்தடுப்புப் பூச்சுதான் என் முதல் தேர்வு. அதில் மணல் போன்ற நொய் இருப்பதால் தொட்டாலே கல் மாதிரி இருக்கும்.

முதல் பூச்சு காய்ந்ததும் டார்ச்சைப் பலகையின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். எழுத்தின் அடியிலும் தாள் பதிந்த பள்ளங்களிலும் ஊசிமுனை அளவுக்குப் பிங்க் தெரியும். அங்கெல்லாம் தூரிகையை நட்டுக்குத்தலாகக் குத்திக் குத்திப் பூச வேண்டும்.

பிறகு எழுத்துக் குழிக்குள் கறுப்பு. அது காய்ந்தபின் வெளிர் சாம்பலைத் தூரிகையில் தொட்டு, ஒரு அட்டையில் தேய்த்துத் தேய்த்து, இனி ஒன்றுமே ஒட்டாது என்று தோன்றும்வரை துடைத்துவிட்டு, கல்லின் மேல் லேசாக வருடுங்கள். மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும். இதற்கு மலிவான, மயிர் முரட்டுத்தனமான தூரிகைதான் நன்றாக இருக்கும். கடைசியாக ஒரு பங்கு கறுப்புக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கல்லை நிறுத்திவைத்து உச்சியிலிருந்து வழியவிடுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்.

நிற்க வைப்பது

அடியில் மூங்கில் குச்சி செருகினால் ஓரிரவு தாங்கும், அவ்வளவுதான். காற்றில் ஆடி ஆடித் துளை பெரிதாகிவிடும். பின்பக்கத்தில் 10 அங்குல இடைவெளியில், அடி விளிம்பிலிருந்து மேல்நோக்கி இரண்டு பள்ளம் எடுத்து, 12 அங்குல நீளத்தில் அரை அங்குல பி.வி.சி. குழாய் இரண்டைப் பதியுங்கள். குழாயின் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர். பள்ளமும் அந்த ஆழம் இருக்கட்டும். ஃபோமுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் கட்டுமானப் பசையைப் போட்டு, டேப் சுற்றி 24 மணி நேரம் விடுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டாம். அதிகச் சூட்டில் பலகை உருகும், குளிரில் பசை விறைத்துக் கழன்றுவிடும்.

தரையில் 24 அங்குல நீளமுள்ள, 3/8 அங்குல முறுக்குக் கம்பி இரண்டைப் பாதிவரை அடித்து, கல்லை மேலே சொருகினால் போதும். அமெரிக்காவில் அடிப்பதற்குச் சில நாள் முன்னால் 811-ஐ அழைத்தால் தரைக்கடியில் எரிவாயு, மின்கம்பி போகும் இடங்களைக் குறித்துத் தருவார்கள். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கல் இல்லாமல் கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இருட்டில் முகமூடியோடு ஓடிவரும் குழந்தைகளுக்குக் காலடியில் எதுவும் தெரியாது.

விளக்கு எல்.ஈ.டி. மட்டும். மெழுகுவத்தி பக்கத்தில்கூட வேண்டாம், இந்தப் பலகை தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும். விளக்கைத் தரையோடு வைத்து ஒரு பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். நேர் எதிரே வைத்தால் நிழல் விழாது, செதுக்கிய எழுத்தெல்லாம் தட்டையாகிவிடும்.

பின்சேர்க்கை

பின்னூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த இரண்டு விஷயங்கள். ஒன்று, எல்லாம் முடித்துப் பாதுகாப்புக்காக மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் ஓரங்கள் கரைந்துவிட்டன என்பது. அதுவும் ஸ்ப்ரேதான், அதே கரைப்பான்தான். பூச்சில் விட்டுப்போன ஊசித்துளை வழியாக உள்ளே போய் அரித்துவிடும். தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள்.

இன்னொன்று, அடுத்த வருடம் எடுக்கும்போது கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. லேடெக்ஸ் பெயிண்ட் காய்ந்தபிறகும் அழுத்தத்தில் ஒட்டும் தன்மை உள்ளது. செய்தித்தாள் வைத்தால் தாளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, படுக்கப் போடாமல் புத்தகம் அடுக்குவது போல நிறுத்திவையுங்கள்.