குழந்தைகளின் இதய ஆராய்ச்சிச் செய்தியை எப்படிப் படிப்பது?

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சித்தி "உயிருள்ள ரத்தக்குழாய் செய்துட்டாங்களாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உடனே டர்பன் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். அதைச் சோதித்தது கணினியிலா, ஆட்டிலா, குழந்தையிடமா என்று முதலில் பாருங்கள்.

ஆடு என்றால் அலட்சியம் வேண்டாம். 1999-இல் டோக்கியோவில் ஒரு 4 வயதுச் சிறுமியின் சிரையிலிருந்து எடுத்த செல்களைக் கரையக்கூடிய குழாய் வடிவ அச்சில் வளர்த்து, நுரையீரல் தமனியில் பொருத்தினார்கள். அச்சு கரைந்தபின் மிஞ்சுவது சொந்தத் திசு, ஆகவே பிள்ளையோடு அதுவும் வளரும் என்பது கணக்கு (செயற்கைக் குழாய் வளராது, பெரிய தலைவலியே அதுதான்). பிறகு அமெரிக்காவில் நடந்த சோதனையில் குழாய்கள் சுருங்கின. சுருக்கம் தானாகவே விரியும் என்று கணினி மாதிரி கணித்தது, செம்மறிக்குட்டிகளிலும் அப்படியே நடந்தது, 2020-இல் வெளியிட்டார்கள்.

சரி, உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும்? இதயத்தின் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குப் பாய்ந்து, அங்குள்ள குழாய்ச் சுவர்கள் தடித்து, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரொம்பத் தாமதித்தால் ஓட்டையை மூடவே முடியாமல் போகலாம். அதனால் எந்த ஆராய்ச்சியை நம்பியும் அறுவை சிகிச்சைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையின் நகலை ரோட் டு ஹெல்த் புத்தகத்துக்குள்ளேயே (பிள்ளையின் உடல்நலப் பதிவுப் புத்தகம்) வையுங்கள். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்: 20 mmHg-ஐ (மில்லிமீட்டர் பாதரசம்) தாண்டினால் அதிகம்.