பாதரசம் உடம்பில் ஏறியிருக்கிறதா? சந்தேகத்திலிருந்து பரிசோதனை வரை

பாதரசம் என்றதும் உடைந்த தேர்மோமீட்டர்தான் பலருக்கு நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து வீடுகளில் நான் அதைவிடப் பயப்படுவது, விபரம் எதுவும் அச்சிடாத டப்பாவில் வரும், பாதரசம் கலந்திருக்கக்கூடிய முகம் வெள்ளையாக்கும் கிறீமுக்கு.

படி 1: அறிகுறிகளை எழுதுங்கள்

கை நடுக்கம், நித்திரையின்மை, திடீர் எரிச்சல், மறதி, முரசு வீக்கம், வாயில் உலோகச் சுவை. சிறுநீரகம் பாதித்தால் முகமும் காலும் வீங்கும், சலம் நுரைக்கும். மீன் வழியாக வரும் மெதைல் பாதரசம் வேறு மாதிரி: விரல்களும் வாயைச் சுற்றியும் விறைக்கும், நடை தள்ளாடும், பார்வையின் ஓரங்கள் சுருங்கும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய் இதுதான்.

இவற்றை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். தைரொயிட், நீரிழிவு போன்றவையும் இப்படிச் சில அறிகுறிகளைக் காட்டும்.

படி 2: எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

என்னைக் கேட்டால் பாதி நோயறிதல் இங்கேதான். கிறீம் டப்பாவில் கலோமெல், மெர்குரஸ் குளோரைட், மெர்குரி என்று இருக்கிறதா பாருங்கள். தங்கம், வெள்ளி நகையில் படவேண்டாம் என்ற எச்சரிக்கையும் ஒரு தடயம். ஒன்றுமே எழுதாவிட்டால் அது பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. அம்மா பூசும் கிறீம் துவாய், தலையணை, கை வழியாகக் குழந்தைக்கும் போகும். அதனால் வீட்டில் எல்லோரையும் விசாரியுங்கள்.

அப்புறம், சுறா போன்ற பெரிய மீன் அடிக்கடி சாப்பிடுகிறீர்களா? சூடை, நெத்தலியில் பாதரசம் குறைவு, அவற்றை விடவேண்டாம். ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசக் கனிமம்) சேர்ந்த சித்த மருந்து எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நகைப் பட்டறையில் பாதரசம் சூடாக்கப்பட்டதா என்பதும் முக்கியம், ஏனென்றால் அதன் ஆவிதான் நுரையீரல் வழியாக எளிதில் ஏறும்.

படி 3: சரியான பரிசோதனை

கிறீம், ஆவி என்றால் சலப் பரிசோதனை. பெரும்பாலும் 24 மணி நேரச் சலம் சேர்ப்பார்கள். மீன் என்றால் இரத்தம், சிலவேளை தலைமுடி. மெதைல் பாதரசம் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறுவதால் சலம் அதைச் சரியாகக் காட்டாது. கடைசியாக எப்போது மீன் சாப்பிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். இரத்த அளவை அது கூட்டும். சலம் சேர்க்கும் பாத்திரத்தை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சலத்தை அளந்தால், நல்ல உடம்பிலும் அளவு கூடித்தான் தெரியும். அந்த முடிவை நம்பிச் சிகிச்சைக்குப் போகாதீர்கள்.

படி 4: காத்திருக்கும்போது

கிறீமை இன்றே நிறுத்துங்கள். டப்பாவை எறியாமல் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகும்போது படி 1, 2இல் எழுதிய தாளும் கையில் இருக்கட்டும். மூச்சுத்திணறலோ வலிப்போ வந்தால் தாளைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.