தீபாவளி ராத்திரியில் ஒழுகிய ஏ.சி.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஹால் நிறையச் சொந்தக்காரர்கள் படுத்திருக்க, ஸ்பிளிட் ஏ.சி. சொட்ட ஆரம்பித்தது. காற்றும் சரியாக வரவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "பண்டிகை முடியட்டும் சார்" என்றார். அவருக்கும் தீபாவளிதானே!

மூடியைத் தூக்கினால் ஃபில்டர் வலை முழுக்கத் தூசி. முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய்ப் புகை பட்டு, பிசுபிசுவென்று அப்பியிருந்தது. உள்ளே காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளான 'காயில்' மேல் வெள்ளையாக ஐஸ். காற்றோட்டம் அடைபட்டால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஐஸ் கட்டும். உருகும்போது வீட்டுக்குள் ஒழுகும்.

ஐஸைக் கத்தியால் சுரண்டக் கூடாது, காயில் ஓட்டையாகிவிடும். மெயின் ஸ்விட்சை அணைத்து அதைத் தானாக உருக விட்டேன். வெறும் தண்ணீருக்குப் பிசுக்கு அசையவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரும் பழைய டூத் பிரஷும்தான் வேலை செய்தன. ஃபில்டரை நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டினேன்.

இன்னும் லேசாகச் சொட்டியது. வெளியில் போய்ப் பார்த்தால், செடிக்குத் தண்ணீர் பிடிக்க அம்மா வைத்திருந்த பக்கெட்டில் வடிகால் குழாயின் முனை முங்கிக் கிடந்தது. வெளியே எடுத்து உதறியதும் பாசியும் கசடுமாகக் கொழகொழவென்று கொட்டியது. சொட்டு நின்றது.

யாரோ 16 டிகிரியில் வைத்திருந்தார்கள். 26-க்கு ஏற்றி, சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓட விட்டோம். பட்டாசுப் புகைக்கு ஜன்னலைச் சாத்தினால் போதும். இந்த வகை ஏ.சி. பெரும்பாலும் அறைக் காற்றையே சுற்றிவிடும். ஃபில்டரை மட்டும் மறுநாள் இன்னொரு முறை அலசினேன், தண்ணீர் கறுப்பாகத்தான் வந்தது.